மாமாவின் இடுப்புக் கூடை

பெங்களூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க ஒரு ராத்திரிப் பயணமாவது வேண்டும். அந்த ஊரில், கடலில் நின்று மீன் பிடிக்கிறவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் கூடை ஒன்றைத் தேடி நான் ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்தேன். நயா பைசா வந்து சில வருஷம் ஆகியும் கடைக்காரர்கள் அணாக் கணக்கிலேயே விலை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கூடை எனக்காக இல்லை. எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததில்லை. என் மனைவியின் அப்பாவுக்காக அலைந்தேன்.

மாமா மைசூர் அரசாங்கத்தின் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒக்கலிபுரத்தில் ரயில் ஊதல் கேட்கிற தூரத்தில் சொந்த வீடு. அணைக்கட்டு வேலை ஒன்றில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரரோடு சேர்ந்து ஆற்றில் மீன் பிடிக்கப் பழகியிருந்தார். அந்த முறையில் புழுவும் கிடையாது, தக்கையும் கிடையாது. கொக்கியில் இறகைச் சுற்றிப் பூச்சி போல ஒன்றைக் கட்டுவார்கள். அதற்கு எடையே இருக்காது. எடையெல்லாம் தடித்த பட்டு நூலில். நீண்ட கழியை முன்னும் பின்னும் ஆட்டி அந்த நூலைத்தான் வீச வேண்டும். வீசிய பிறகு இடது கையால் நூலை விட்டு விட்டு இழுத்தால், தண்ணீருக்குள் இறகுப் பூச்சி சின்ன மீன் மாதிரி ஓடும். பெரிய மீன் ஏமாந்து கவ்வும். கவ்வாவிட்டால் இழுத்த நூலையெல்லாம் மறுபடி வீச வேண்டும். சுதந்திரம் வந்து அந்த வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பியபோது கழியையும் நூலையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மூத்த மகளை மங்களூரில் கட்டிக் கொடுத்த பிறகு மாமா ஆற்றை விட்டுக் கடலுக்கு மாறினார். மழை ஓய்ந்ததும் வருஷம் தவறாமல் அத்தையைக் கூட்டிக்கொண்டு மங்களூர் போவார். ஆறு கடலில் சேரும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கொடுவா மீன் பிடிப்பார். வீட்டில் மற்ற எல்லாப் பேச்சும் அந்தப் பயணத்துக்கு முன், அந்தப் பயணத்துக்குப் பின் என்றுதான் பிரிந்திருக்கும்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்து, கால் முக்கால்வாசி திரும்பி வந்தது. கை பாதிதான் வந்தது. இரண்டு விரலால் நூலைப் பிடித்து இழுக்க முடிந்தது. இழுத்த நூலைச் சுருளாகச் சேர்த்து உள்ளங்கையில் வைத்திருக்க முடியவில்லை. முன்பெல்லாம் அப்படித்தான் வைத்திருப்பாராம். ஆற்றங்கரையில் என்றால் நூல் காலடியில் விழுந்து கிடக்கும், பாதகமில்லை. கடலில் விழுந்த நூலை அலை எடுத்துக்கொள்ளும். முந்தின வருஷம் அலை எடுத்த நூல் மாமாவின் காலைச் சுற்றியது, அடுத்த அலை அவரைத் தள்ளியது. வலைக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். அத்தை அப்போது கரையில் இருந்தார். ஊர் திரும்பியதும், "இனிமே கடலுக்குப் போறதில்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அத்தை எதையும் இரண்டாம் தடவை சொல்கிறவர் இல்லை.

மாமா அதை மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். கடல் அலைக்குள் ஒருவன் நிற்கிற படம். வயிற்றுக்கு முன்னால் கூடை ஒன்று பெல்ட்டில் மாட்டியிருந்தது. இழுத்த நூல் அந்தக் கூடைக்குள் சுருண்டு கிடந்தது.

"நூலு கூடைக்குள்ள விழுந்துட்டா கால்ல எப்பிடி சுத்தும், சொல்லுங்க மாப்பிள்ளே?"

"சுத்தாது மாமா."

"அதைத்தான் அவகிட்ட சொன்னேன். அப்ப பாக்கலாம்னா. இவ பாக்கலாம்னா என்னா அர்த்தம் தெரியுமா? நடத்திக் காட்டுன்னு அர்த்தம். கூடை கெடைச்சா மங்களூரு. இல்லேன்னா ஆய்த்து, இந்த ஜன்மத்துக்கு அவ்வளவுதான்."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவருடைய வலது கை இடது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தது. நான் கூடை தேடக் கிளம்பியது அதைப் பார்த்துத்தான். அடுத்து வந்த வாரங்களில் அதை எனக்கு நானே பல தடவை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ராத்திரி ஷிப்டில் உதவி ஆசிரியராக இருந்தேன். மாமாவின் கணக்கில் ராத்திரி வேலை செய்கிறவனுக்குப் பகலில் வேலை இல்லை. "பகல்ல சும்மாதானே இருக்கீங்க" என்பார். பகலில் நான் தூங்குகிறேன் என்பதை அவர் ஒரு செய்தியாகவே எடுத்துக்கொண்டதில்லை.

முதலில் பெரிய ரோட்டில் இருந்த விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். படத்தைக் காட்டினேன். கடைக்காரர் அதைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸ் கிடைத்தால் அவர் கிரிக்கெட் பேட் இறக்குவாரே தவிர கூடை இறக்கமாட்டார் என்று மரியாதையாகச் சொன்னார். பிறகு, சும்மா அனுப்ப மனமில்லாமல், பிரம்பில் செய்த பிக்னிக் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே கோப்பை மாட்ட வளையங்கள்கூட இருந்தன. விலையைக் கேட்டு வந்து மாமாவிடம் சொன்னேன்.

"கூடைக்கா? அந்த வெலையா? அவன் பொண்ணு கல்யாணத்த நாம நடத்தணுமா?"

மாமாவுக்குக் கூடை மலிவாக இருக்க வேண்டும். அதோடு அது லேசாக இருக்க வேண்டும், உள்பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும், அடியில் தண்ணீர் ஒழுகிப் போக வழி வேண்டும், பார்க்காமலே இடது கை உள்ளே விழுகிற அளவுக்கு வாய் அகலம் வேண்டும், ஆழம் கூடாது, வயிற்றுப் பக்கம் வளைந்திருக்க வேண்டும். ஓர் அணைக்கட்டுக்கு இதைவிடக் குறைவாகத்தான் நிபந்தனை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சிவாஜிநகரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மூங்கில் கூடை முடைகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஓர் அம்மாளிடம் போய் நின்றேன். தாம்பூலம் போட்ட வாயோடு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு சாமி? பூவுக்கா, கோழிக்கா?"

"நூல் போட."

"நூலுக்கு இம்மாம் பெரிய கூடையா? தையக்காரரா நீங்க?"

"இல்லம்மா. மீன் பிடிக்கிற நூல்."

"அத்த மொதல்லயே சொல்றதுதானே? மீன் கூடை."

"மீன் கூடை இல்ல. மீனை இதுல போடமாட்டாரு. நூலை மட்டும்தான் போடுவாரு."

"அப்ப மீன எங்க போடுவாரு?"

"அதுக்கு வேற பை இருக்குது."

"ஏன், இதுலயே போட்டா என்னா? எடமா இல்ல?"

பக்கத்தில் முறம் கட்டிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு, "எந்த ஏரியில சார்?" என்றார். கடலில் என்றேன். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மேல் அந்த அம்மாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்பது போலத் தலையாட்டினார். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

சொன்ன நாளில் கூடை தயாராக இருந்தது. நல்ல வேலை. முழங்கை ஆழம், குறுகிய வாய், அதற்கு ஒரு மூடி, மூடிக்குக் கயிற்றுக் கொக்கி. "துள்ளி வெளிய போகாது பாருங்க" என்றார். எது துள்ளி வெளியே போகாது என்று நான் கேட்கவில்லை. வாங்கி வந்தேன். அத்தை அதில் வெங்காயம் போட்டு வைத்தார்.

அடுத்தது தகரக் கடை. அங்கே இருந்த பாய்க்கு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி எதை வேண்டுமானாலும் செய்யத் தெரியும். அடியில் பத்துப் பன்னிரண்டு துளை போடச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அரே சாப், நல்ல டின்னு இது. ஓட்டை எதுக்கு?"

"தண்ணி வெளிய போகணும் பாய்."

"தண்ணி வெளிய போனா அது டின்னா சாப்? நாளைக்கி யாராச்சும் பாத்துட்டு, கோன் பனாயா, யாரு செஞ்சதுன்னு கேட்டா? ஓட்டை டின்னு வித்தான்னு நம்ம பேரு கெட்டுடும்."

கடைசியில் போட்டார். வெளியிலிருந்து ஆணி அடித்துப் போட்டதால் துளை ஒவ்வொன்றும் உள்பக்கமாகப் பல் காட்டிக்கொண்டு நின்றது. மாமா தன் பட்டு நூலை ஒரு முழம் அதற்குள் விட்டு இழுத்துப் பார்த்தார். நூல் மேலே வந்தபோது இழை பிரிந்து மீசை முளைத்திருந்தது. அந்த நூல் போனால் இந்தியாவில் வேறு நூல் வாங்க முடியாது. மாமா டின்னைத் தூக்கிக் கிணற்றடியில் வைத்தார். அதில் துளசி வைக்கலாம் என்றார் அத்தை.

இதற்கு நடுவில் கமர்ஷியல் தெருவில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பார்த்தேன். இளநீல நிறம். லேசு. உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டால் போதும், சைக்கிள் டியூபை வெட்டி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். கேட்ட நிபந்தனை எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது. விலையும் குறைச்சல். வாங்கி வந்தேன்.

"இது கொழந்தைங்க குளிக்கிற தொட்டி" என்றார் மாமா.

"கூடைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் மாமா? நூல் உள்ள விழுது, தண்ணி வெளிய போகுது."

"நாப்பது வருஷம் சர்வீஸ் பண்ணிட்டு, பேத்தி குளிக்கிற தொட்டிய வயித்துல கட்டிக்கிட்டு அத்தன பேரு முன்னால போயி நிக்கணுமா? என்னா மாப்பிள்ளே நீங்க!"

"அலைக்குள்ள யாரு பாக்கப் போறாங்க?"

"மீன் பாக்கும்" என்றார். வாதம் முடிந்தது.

பல வருஷம் கழித்து அதே மாதிரி வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், பாத்திரம் கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டியில் துளை போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் நிற்கிற வெள்ளைக்காரனின் படத்தைப் பார்த்தேன். செலவு குறைந்த சிறந்த முறை என்று கீழே எழுதியிருந்தது. அதைக் காட்டுவதற்கு அப்போது மாமா இல்லை.

மறுபடியும் மூங்கில் சந்துக்கே போனேன். இந்தத் தடவை வாயால் எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மாமா போட்டுக் கொடுத்த படத்தைத் தரையில் விரித்தேன். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கவாட்டில் ஒரு தோற்றம், எல்லாம் அளவோடு. அந்த அம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்தார்.

"உங்களுக்கா?"

"எங்க மாமாவுக்கு."

"அவரு உங்களவிட ஒசரமா, குண்டா?"

"குண்டு."

"எம்மாம்?"

சந்தில் எல்லோரும் பார்க்க, கையை என் வயிற்றுக்கு முன்னால் நீட்டி மாமாவின் வயிற்றைக் காட்டினேன். முறம் கட்டுகிறவர், "எத்தினி மாசம் சார்?" என்றார். சந்து முழுவதும் சிரித்தது. நானும் சிரித்ததாக ஞாபகம். இல்லை, சிரிக்கவில்லை.

ஆனால் வந்தது சரியான கூடை. வாய் அகலம், ஆழம் ஒரு சாண், ஒரு பக்கம் வளைவு, அடியில் இடைவெளி விட்டு முடைந்தது. இரண்டு பக்கமும் பெல்ட் நுழைய வளையம். வீட்டுக்குக் கொண்டுவந்து மாமாவின் வயிற்றில் வைத்தபோது அது அங்கேயே பிறந்தது போல உட்கார்ந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு இடது கையைத் தொங்கவிட்டார். விரல்கள் கூடைக்குள் போய் விழுந்தன. மறுபடி தூக்கி, மறுபடி விட்டார். அப்படி எத்தனை தடவை செய்தார் என்று நான் எண்ணவில்லை. அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏரியில நின்னு காட்டுங்க" என்றார். "நானும் வரேன். கால்ல சுத்தலேன்னா அப்பறம் பேசிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரி என்று முடிவானது. அதுவரை கூடை மாமா வீட்டில் இருந்தது. நான் ராத்திரி வேலைக்குப் போய்வந்து என் வீட்டில் தூங்கினேன். மாமாவால் மாடிப்படி ஏற முடியாது. இந்த இரண்டு காரணத்தால், அந்தக் கூடைக்கு மொட்டை மாடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாமல் போனது.

ஞாயிறு காலை ஜட்கா வண்டியில் போனோம். அத்தை மடியில் துணிப்பை. ஏரிக்கரையில் மாமா வேட்டியை மடித்துக் கட்டி, பெல்ட்டை மாட்டி, கூடைக்குக் கையை நீட்டினார். அத்தை பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அது சாம்பல் நிறத்தில், மண்பாண்டம் மாதிரி இருந்தது. வெந்தய வாசனை அடித்தது.

"இது என்னாது?" என்றார் மாமா.

"மெழுகி வெச்சேன்."

எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளில் புது முறம், புதுக் கூடை எது வந்தாலும் அப்படியே புழங்கமாட்டார்கள். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, உள்ளும் புறமும் பூசி வெயிலில் காயவைப்பார்கள். சந்து பொந்தெல்லாம் அடைபட்டு, மாவு போட்டால்கூடச் சிந்தாது. என் பத்திரிகையின் பழைய இதழ்கள் அந்த வீட்டில்தான் சேரும். ராத்திரி கண் விழித்து நான் வெட்டித் திருத்தித் தலைப்பு வைத்த செய்திகளெல்லாம் அரைபட்டு மாமாவின் கூடையில் அப்பியிருந்தன.

நான் வாயைத் திறந்தேன். மாமா கையால் தடுத்தார். உள்ளே விரலை ஓட்டிப் பார்த்தார். "வழவழன்னுதான் இருக்குது" என்றார். ஜட்காவுக்குக் கொடுத்த காசு வேறு வீணாகக் கூடாது. கட்டிக்கொண்டு தொடையளவு தண்ணீரில் இறங்கினார்.

முதல் சில வீச்சுகளை இன்றும் என்னால் குறை சொல்ல முடியாது. நூல் போய் விழுந்தது, இரண்டு விரல் இழுத்தது, இழுத்தது கூடைக்குள் சுருண்டது, மறுபடி வீசியபோது சிக்கில்லாமல் கிளம்பிப் போனது. மாமா திரும்பி அத்தையைப் பார்த்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படியொரு பாவனையை நான் பார்த்ததில்லை. நனைந்த நூல் கூடைக்குள் தண்ணீரைக் கொண்டுவந்துகொண்டே இருந்தது. கரையோரம் எருமைகள் இறங்கியதில் கிளம்பிய அலை வேறு. தண்ணீர் போக வழியில்லை. தேங்கியது. தேங்கிய தண்ணீரில் வெந்தயமும் காகிதமும் இளகின.

அடுத்த வீச்சில் நூல் போகவில்லை. கூழ் போனது. கைப்பிடியளவு சாம்பல் நிற உருண்டை ஒன்று நூலோடு கிளம்பி, மாமாவின் தலைக்கு மேலே வட்டமடித்து, ஓர் எருமையின் முதுகில் விழுந்தது. எருமைக்காரர் கன்னடத்தில் என்னவோ சொன்னார். மாமா நூலை இழுக்க இழுக்க அது விரலில் பசையாக ஒட்டியது, மார்பில் ஒட்டியது, வழுக்கித் தண்ணீரில் விழுந்து, கடைசியில் அவர் முழங்காலைச் சுற்றியது. நான் இறங்கிப் போய் விடுவித்தேன். பட்டு நூல் முழுக்க அரைபடாத காகிதத் துணுக்குகள்.

திரும்பும்போது ஜட்கா ஏரிக்கரையைத் தாண்டியதும் மாமா ஆரம்பித்தார்.

"வேணும்னேதானே பண்ணே?"

"புதுக் கூடைய மெழுகாம யாரு எடுப்பாங்க?"

"அது ஒழுகணும்! ஒழுகறதுக்குத்தான் ஓட்டை! மாப்பிள்ளைய கேளு, எத்தினி வாட்டி சொல்லியிருப்பேன்!"

"எங்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவர்களின் பேச்சை ராத்திரி முழுக்கப் படித்துத் திருத்துகிற தொழில் என்னுடையது. வேண்டுமென்றே செய்தாரா, வழக்கப்படி செய்தாரா என்று அந்த முகத்திலிருந்து ஒரு வரிகூட எழுத முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

"மங்களூரு வேணாம்னா நேரா சொல்லியிருக்கலாமே" என்றார் மாமா. "கூடைய ஏன் பாழாக்கணும்?"

அத்தை வெளியே பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னிக்கி நீங்க உழுந்தப்ப உங்க தலை தெரியல. தொப்பி மட்டும் வந்துச்சு. கால்கிட்டயே வந்துச்சு. அதை எடுத்துக் கையில வெச்சிக்கிட்டு நின்னேன். அது பாட்டுக்குத் தண்ணி சொட்டிக்கிட்டு இருக்குது. நான் கத்தக்கூட இல்ல. வலைக்காரங்க தானா பாத்து ஓடினாங்க. நான் கூப்பிடல. எனக்கு வாயே வரல."

ஜட்காக்காரர் குதிரையை அதட்டுவதை நிறுத்தியிருந்தார். மாமா மடியில் இருந்த ஈரக் கூடையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். பகலில் தூங்கலாம் என்று நினைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடுத்த தடவை ஒக்கலிபுரம் போனபோது மாமா கிணற்றடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூடையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வெந்நீரை ஊற்றித் தேங்காய் நாரால் வலது கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தார். நூல் துவைக்கப்பட்டு நடையில் மூங்கில் கழியில் காய்ந்தது. கூடையின் இடைவெளிகள் மறுபடி திறந்திருந்தன. உள்ளே கை விட்டுப் பார்க்கச் சொல்லி ஜாடை காட்டினார். மூங்கில் சிம்புகளெல்லாம் அந்தப் பசையில் படிந்துபோய், கையில் ஒன்றும் குத்தவில்லை.

"முன்னே சிம்பு நூலைப் புடிக்கும்னு ஒரு பயம் இருந்துச்சு. இப்ப இல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை அவகிட்ட சொல்லாதீங்க மாப்பிள்ளே."

மங்களூரைப் பற்றி அவர் கேட்கவில்லை. கூடையைத் துடைத்து, அத்தை கண்ணில் படுகிற மாதிரி கூடத்து ஆணியில் மாட்டினார். அங்கே அது தொங்கியது. அத்தை அதைத் தாண்டிப் போவார், வருவார். வெங்காயக் கூடை நிரம்பியபோதுகூட அதை எடுக்கவில்லை. நாட்கள் போயின. மழை குறைந்து மங்களூர் பருவம் நெருங்கியது. மாமா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்வதாக என் மனைவி சொன்னாள்.

பிறகு ஒரு நாள் நான் போனபோது அத்தை கிணற்று வாளியிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நல்ல தடித்த தேங்காய் நார்க் கயிறு.

"மாப்பிள்ளே, ஞாயித்துக்கெழம வேற சோலி இருக்குதா?"

"இல்ல அத்தை."

"அல்சூருக்குப் போகணும். இன்னொரு வாட்டி பாத்துடலாம்." கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே, மாமா இருந்த பக்கம் திரும்பாமல், அவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "இதுல ஒரு முனை அவரு இடுப்புல. இன்னொரு முனை எங் கையில. அதுக்கு ஒத்துக்கிட்டா வரட்டும்."

"மாட்டைக் கட்டற மாதிரியா?" என்றது உள்ளேயிருந்து மாமாவின் குரல்.

"மாடு தண்ணிக்குள்ள போனா கூப்பிட்டா திரும்பி வரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிக்கரையில் நின்றவர்களுக்கு இலவசமாக ஒரு வேடிக்கை கிடைத்தது. தொடையளவு தண்ணீரில் ஒரு பெரியவர். வயிற்றில் கூடை. கையில் நீண்ட கழி. முதுகுப் பக்கமிருந்து கிணற்றுக் கயிறு ஒன்று கிளம்பிக் கரைக்கு வருகிறது. கரையில் என் பத்திரிகையை விரித்துப் போட்டு உட்கார்ந்த அம்மாள் ஒருத்தி அதை இரண்டு சுற்று கையில் சுற்றிப் பிடித்திருக்கிறாள். நிலக்கடலை விற்கிறவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். ஒருவர் என்னிடம் வந்து, "ஏன் ஸார் இது? புத்தி சரியில்லாதவரா?" என்று ரகசியமாகக் கேட்டார். இன்னொருவர் எட்ட நின்று, "அம்மா, நல்லா மேய உடுங்கம்மா, பாவம்!" என்றார்.

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போப்பா" என்றார் அத்தை, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கூடை வேலை செய்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நூல் உள்ளே விழுந்தது, தண்ணீர் அடியில் ஒழுகியது, சுருள் கலையாமல் கிடந்தது, வீசும்போது முழுவதும் போனது. காலைச் சுற்றவில்லை. ஒரு தடவைகூட இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு தேடிய பொருள் அது. அன்று அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை கூடையைப் பார்க்கவே இல்லை. அவருக்குக் கயிறு இறுகுகிறதா, தளர்கிறதா என்பதுதான் கணக்கு.

மாமா ஓர் அடி முன்னால் வைத்தார். கயிறு இறுகியது.

"கொஞ்சம் உடு."

"போதும்."

"ரெண்டே அடி. அந்தப் பக்கம் ஒண்ணு பொரண்டுச்சு, நான் பாத்தேன்."

"எனக்குத் தெரியல."

"உனக்கு எங்க தெரியும்! நீ கயித்தைப் பாத்துக்கிட்டு இருக்கே."

அத்தை கையிலிருந்து ஒரு சுற்றை அவிழ்த்து விட்டார். மாமா முன்னால் போனார். தண்ணீர் இடுப்புக்கு வந்து கூடையின் அடியைத் தொட்டது. அவர் வீசினார், இழுத்தார், மறுபடி வீசினார். மீன் எதுவும் வரவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"மங்களூருல அலை இருக்கும்" என்றார் அத்தை. என்னிடமா, தனக்குத்தானா என்று தெரியவில்லை. "இந்தக் கயிறு பத்தாது. இத்தப் போல ரெண்டு பங்கு நீளம் வேணும். உப்புத் தண்ணிக்கு மக்காததா இருக்கணும். மாப்பிள்ளே, நாளைக்கி பகல்ல சும்மாதானே இருப்பீங்க? சிவாஜிநகர் பக்கம் போயி ஒண்ணு பாத்துட்டு வாங்க. ஒசத்தி வெலையெல்லாம் வேணாம்."

எவ்வளவு தடிமன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏரிக்குள்ளிருந்து மாமா திரும்பி நிபந்தனை போட ஆரம்பித்திருப்பார்.